சேலத்து வக்கீல் யாருக்காக வாதாடினார்?

தேர்தல் காலம் வந்துவிட்டால் ஓமந்தூர் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பேச்சுக் கிளம்பும். "படித்தவராகப் பார்த்து அனுப்புவோம், வக்கீலாக இருந்தால் இன்னும் நல்லது, சட்டம் தெரிந்தவர், நமக்காக நாலு வார்த்தை பேசுவார்" என்பார்கள். மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டும் பெண்களும் இதைச் சொல்வதுண்டு. புதுச்சேரி பஞ்சாலைகளில் உழைத்து ஓய்ந்த தொழிலாளர்களும் இதைச் சொல்வதுண்டு.

சட்டம் தெரிந்தவர் பேசுவார் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. யாருக்காகப் பேசுவார் என்பதுதான் கேள்வி.

கோர்ட்டு வாசலை மிதித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வக்கீல் தம்மை அமர்த்திய ஆளைக் 'கட்சிக்காரர்' என்றுதான் சொல்லுவார். அந்தக் கட்சிக்காரர் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் வக்கீல் எழுந்து நின்று வாயைத் திறக்க முடியும். ஓட்டும் ஒரு வக்காலத்துத்தான், தோழர்களே! ஐந்து வருஷத்துக்கு நம் வழக்கை நடத்தும்படி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். கையெழுத்து நம்முடையது, வழக்கு யாருடையது?

இதை ஒரு வக்கீலின் வாழ்க்கையை வைத்தே பார்த்துவிடுவோம். சின்ன ஊர்க் கோர்ட்டில் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, டில்லியில் கவர்னர் ஜெனரல் மாளிகை வரை போனவர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். சேலத்து வக்கீல் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். ராஜாஜி என்று ஒரு சாரார் அன்போடு அழைத்தார்கள். ஆச்சாரியார் என்று மற்றொரு சாரார் அழைத்தார்கள்.

சேலத்து வக்கீலுக்கும் ஓமந்தூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. 1952-ம் வருஷம் அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு ஒரு கால் தென்னாற்காட்டு ஏழைகளின் ஓட்டிலிருந்து போனது. அந்தக் கதைக்கு வருவோம். முதலில் அவருக்குரிய நியாயத்தைச் செய்துவிடுவோம்.

நாம் மறுக்காதவை

அவர் 1878 டிசம்பர் 10-ந் தேதி ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்தார். 1900-ல் சேலத்தில் தொழில் தொடங்கினார். நல்ல வருமானமுள்ள வக்கீலாக இருந்தார். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைக்குத் தலைவராக இருந்தார். காந்தி கூப்பிட்டபோது அந்த வருமானத்தை உதறிவிட்டு வந்தார். வேலூர் ஜெயிலில் கிடந்தார். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து சுமார் 100 தொண்டர்களோடு வேதாரணியத்துக்கு நடந்துபோய் உப்பு எடுத்தார். மறுபடியும் ஜெயிலுக்குப் போனார்.

இதையெல்லாம் நாம் மறுக்கவில்லை. லஞ்சம் வாங்கினார், சொத்துச் சேர்த்தார் என்று சொல்லவும் நமக்கு எண்ணமில்லை. அவருடைய ஜாதியைச் சொல்லி ஏசியவர்கள் உண்டு. நம்முடைய வழக்கு அதுவுமில்லை. நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. அதிகாரம் கையில் வந்தபோது அவருடைய சட்டப் புத்தகம் யார் பக்கம் திறந்தது?

ராஜத் துரோகம்: அன்றும் பின்னும்

முதல் உலகப் போர்க் காலத்தில் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு மீது வெள்ளைக்காரன் ராஜத் துரோக வழக்குப் போட்டான். அவருக்காகக் கோர்ட்டில் நின்று வாதாடியவர் சேலத்து வக்கீல் ராஜகோபாலாச்சாரியார். பேசியதற்காக ஒருவனை ஜெயிலில் தள்ளுவது அநியாயம் என்ற பக்கத்தில் அன்று நின்றார். நாடு மெச்சியது.

இருபது வருஷம் போயிற்று. 1937 ஜூலையில் அதே வக்கீல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி. மூன்றே மாதத்தில், அந்த அக்டோபரிலேயே, எஸ்.எஸ். பாட்லிவாலா என்ற சோஷலிஸ்ட் தோழர் இங்கே வந்து பேசினார். அவர் மீது என்ன வழக்கு? ராஜத் துரோகம்! அதே 124-ஏ பிரிவு! வெள்ளைக்காரன் எழுதி வைத்த அதே வாசகம்! காங்கிரஸ் மந்திரிசபையா இதைச் செய்தது என்று ஜவஹர்லால் நேருவே ஆட்சேபித்தார்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடங்களில் ஹிந்தி கட்டாயம் என்று உத்தரவு வந்தது. எதிர்த்து மறியல் செய்தவர்களைக் கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டத்தின் கீழ் ஆயிரத்துக்கு மேல் ஜெயிலில் அடைத்தார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்தபோது காங்கிரசே கறுப்புச் சட்டம் என்று கண்டித்த சட்டம் அது. 1939-ல் நடராசன், தாளமுத்து என்ற இரு தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் காவலில் இருந்தபோதே மாண்டார்கள்.

வக்கீல் கோர்ட்டை மாற்றிக் கொண்டால் வாதத்தையும் மாற்றிக் கொள்வாரா? எதிர்க்கட்சியில் இருந்தபோது அநியாயமாக இருந்த சட்டம், நாற்காலியில் உட்கார்ந்ததும் நியாயமாகி விடுமா?

கடன் நிவாரணம் யாருக்கு?

"1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தாரே, அது ஏழைக்கு இல்லையா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அந்தச் சட்டத்தால் வட்டிக் கொடுமையிலிருந்து பல குடும்பங்கள் தப்பின என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அந்தச் சட்டத்தின்படி விவசாயி என்றால் யார்? விற்கக்கூடிய பாத்தியதை உள்ள நிலம் வைத்திருப்பவன். ஓமந்தூரிலும் கிளியனூரிலும் மரக்காணத்திலும் அடுத்தவன் நிலத்தில் ஏர் பிடித்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆண்டையிடம் நெல்லும் பணமும் வாங்கி, அந்தக் கடனுக்காகவே தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த படியாள் அந்தச் சட்டத்தின் கண்ணில் விவசாயியே இல்லை. நிலத்தைக் கிளறியவன் அவன். விவசாயி என்ற பெயர் வேறொருவனுக்கு!

ஜமீன் விஷயம் என்ன ஆயிற்று? 1937-ல் மந்திரி பிரகாசம் தலைமையில் கமிட்டி போட்டார்கள். நிலம் குடியானவனுக்கே சொந்தம் என்று கமிட்டி 1938-ல் அறிக்கை கொடுத்தது. 1939 அக்டோபரில் மந்திரிசபை வெளியேறும் வரை அது சட்டமாகவில்லை.

பத்து வருஷம் கழித்து, 1948-ல், ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றிய மந்திரிசபைக்குத் தலைவர் யார்? இந்த ஓமந்தூரில் 1895-ல் பிறந்த ராமசாமி ரெட்டியார்! அவர் வக்கீல் அல்ல. பயிர்த்தொழில் செய்த குடும்பம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இன்றும் அவருக்கு நினைவு மண்டபம் நிற்கிறது. அந்தச் சட்டத்திலும் ஜமீன்தாருக்கு நஷ்டஈடு உண்டு, நிலமில்லாத கூலிக்கு ஒரு குழி மண்ணும் இல்லை என்பது வேறு விஷயம். தோழர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பரில் கைதானதும் அந்த ஆட்சியில்தான். ஆகவே குடியானவர் ஆட்சி என்றால் எல்லாம் நமக்கே என்று சொல்ல நாம் வரவில்லை. சட்டப் படிப்பு இருந்தவர் கையில் ஜமீன் தப்பிப் பிழைத்தது, சட்டப் படிப்பு இல்லாதவர் கையில் அது ஒழிந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். படிப்பு ஒருவரை நம் பக்கம் கொண்டு வந்துவிடாது.

டில்லியில் எழுதிய சட்டம்

1946-ல் ஆச்சாரியார் டில்லி இடைக்கால சர்க்காரில் மந்திரியானார். பிறகு மேற்கு வங்காளத்துக் கவர்னர். 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை கவர்னர் ஜெனரல். 1950 டிசம்பரில் சர்தார் படேல் மறைந்ததும் உள்நாட்டு மந்திரி.

அப்போது நாட்டு நிலைமை என்ன? 1950 பிப்ரவரி 11-ந் தேதி சேலம் மத்திய சிறையில், அவர் தொழில் நடத்திய அதே ஊரில், போலீசார் சுட்டு 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். அந்தச் சமயம் அவர் எந்தப் பதவியிலும் இல்லை. அந்த ரத்தத்தை நாம் அவர் கணக்கில் எழுதவில்லை. ஆனால் சரியாக ஒரு வருஷம் கழித்து, 1951 பிப்ரவரியில், பாராளுமன்றத்தில் எழுந்து நின்று தடுப்புக் காவல் சட்டத்தின் ஆயுளை நீட்டித்தவர் அவர்தான். விசாரணை இல்லாமல் மனிதனை ஜெயிலில் வைக்கும் சட்டம் அது.

அந்தச் சட்டத்தில் ஒரு விதியைத் தொழிலாளர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கைதியின் விஷயத்தை ஓர் ஆலோசனைக் குழு பார்க்கும். எல்லாக் கைதிகளின் விஷயமும் குழுவுக்குப் போக வேண்டும் என்று 1951-ல் திருத்தம் செய்தார்கள். அது ஓரளவு நல்லதுதான். ஆனால் அந்தக் குழுவின் முன்னால் கைதிக்காக வக்கீல் ஆஜராகும் உரிமை கிடையாது! ஒரு வக்கீல் மந்திரி நீட்டித்த சட்டத்தில் ஏழைக் கைதிக்கு வக்கீல் இல்லை. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இது பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1980-ல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்திலும் அதே விதி உட்கார்ந்திருக்கிறது. சேலத்து வக்கீல் போய்விட்டார். அவர் காத்து வளர்த்த விதி போகவில்லை.

பத்திரிகைகளுக்கு என்ன செய்தார்? 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் வரக்கூடாது என்று ராஜ்ய சர்க்கார் தடை போட்டது. 1950 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை உடைத்தது. கோர்ட் உடைத்தால் என்ன, அரசியல் சட்டத்தையே மாற்றிவிடலாம் என்று 1951 ஜூனில் முதல் திருத்தம் செய்தார்கள். அதன் பின்னாலேயே, ஆட்சேபகரமான விஷயம் என்ற பெயரில் பத்திரிகைகளிடம் ஜாமீன் கேட்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவர் உள்நாட்டு மந்திரி ஆச்சாரியார். 1956-ல் அது காலாவதியாயிற்று.

எல்லா வக்கீல்களும் இப்படியா என்று கேட்பீர்கள். இல்லை. கோபாலனுக்காகச் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடிய எம்.கே. நம்பியாரும் வக்கீல்தான். மக்கள் கல்விச் சங்கத்தைச் சென்னை சர்க்கார் சட்டவிரோதமாக்கியதை எதிர்த்து, 1952 மார்ச் 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் வெற்றி கண்ட வி.ஜி. ராவும் வக்கீல்தான். தொழிலில் குற்றமில்லை. கட்சிக்காரர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1952: நம் ஓட்டு போன வழி

இப்போது தென்னாற்காட்டுக்கு வருவோம்.

1952 தேர்தலில் சென்னை ராஜ்யச் சட்டசபைக்கு 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. மெஜாரிட்டி இல்லை! மந்திரிகள் பலர் தோற்றார்கள். கம்யூனிஸ்ட் கட்சிக்கு 62. தோழர் பி. ராமமூர்த்தி ஜெயிலில் இருந்தபடியே மதுரையில் ஜெயித்தார். காங்கிரசை எதிர்த்தவர்கள் பிரகாசம் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணியாகச் சேர்ந்து, 166 பேர் இருக்கிறோம், மந்திரிசபை அமைக்கிறோம் என்றார்கள்.

நம் பக்கத்தில் என்ன நடந்தது? தென்னாற்காட்டிலும் வடஆற்காட்டிலும் ஏழைக் குடியானவர்களும் கூலிகளும் காங்கிரசுக்கு எதிராகவே நின்றார்கள். எஸ்.எஸ். ராமசாமிப் படையாட்சியார் தலைமையில் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 சட்டசபை இடங்களையும் 4 பாராளுமன்ற இடங்களையும் பிடித்தது. திண்டிவனம் பாராளுமன்றத் தொகுதியின் இரண்டு இடங்களும் அந்தக் கட்சிக்கே போயின. எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 சட்டசபை இடங்களைப் பிடித்தது. மாணிக்கவேலு நாயக்கரும் வக்கீல்தான்.

ஓட்டுப் போட்டவர்கள் எதற்காகப் போட்டார்கள்? கட்சியின் பெயரே உழைப்பாளர் கட்சி! நம்மவர், நம் ஜாதிக்காரர், பெரிய நிலக்காரர்களின் காங்கிரசை முறிப்பார் என்று நம்பிப் போட்டார்கள்.

டில்லியும் சென்னைக் காங்கிரசும் என்ன செய்தன? 73 வயதில் ஓய்வாக இருந்த ஆச்சாரியாரைக் கூப்பிட்டார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஒரு ஓட்டுக்கூட வாங்கவில்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபைக்கு நியமனம் செய்தார். இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்காக அரசியல் சட்டம் ஒதுக்கிய இடம் அது. அந்த வழியாக நுழைந்து 1952 ஏப்ரல் 10-ந் தேதி முதல் மந்திரியானார். இந்த நியமனத்தை எதிர்த்துத் தோழர் ராமமூர்த்தி ஐகோர்ட்டுக்குப் போனார், மனு தள்ளுபடியாயிற்று. 1937-லும் அவர் சட்டசபைக்கு வந்த வழி, பட்டதாரிகள் ஓட்டுப் போடும் சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதி. அன்று பட்டம் பெற்றவர்கள் அனுப்பினார்கள். இன்னொரு முறை கவர்னர் அனுப்பினார். ஏர் பிடித்தவனும் தறி ஓட்டியவனும் எப்போது அனுப்பினான்?

மெஜாரிட்டிக்கு ஆள் எங்கிருந்து வந்தது? மாணிக்கவேலு நாயக்கருக்கு மந்திரிப் பதவி. காமன்வீல் கட்சியின் ஆறு பேரும் ஆச்சாரியார் பக்கம். உழைப்பாளர் கட்சி மந்திரிசபைக்கு வெளியே இருந்து ஆதரவு. எதிர்த்து ஜெயித்த இன்னும் சிலரும் கட்சி மாறினார்கள். 1952 ஜூலை 3-ந் தேதி நம்பிக்கை ஓட்டு: ஆதரவு 200, எதிர்ப்பு 151. 1954-ல் படையாட்சியாரும் காமராஜ் மந்திரிசபையில் மந்திரியானார். உழைப்பாளர் கட்சி காங்கிரசில் கரைந்தது.

பின்தங்கிய மக்களுக்குச் சலுகை வாங்கவே சேர்ந்தோம் என்று அந்தத் தலைவர்கள் சார்பில் சொல்லப்பட்டது. சில சலுகைகள் வந்திருக்கலாம். ஆனால் திண்டிவனத்துக் கூலி எதற்குக் கையெழுத்துப் போட்டான்? காங்கிரசை எதிர்த்து வழக்கு நடத்து என்று வக்காலத்துக் கொடுத்தான். அந்த வக்காலத்தை வாங்கியவர்கள் அதை எதிர்த் தரப்பு வக்கீலின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்கள். கோர்ட்டில் ஒரு வக்கீல் இப்படிச் செய்தால் அவருடைய சன்னதைப் பறித்துவிடுவார்கள். சட்டசபையில் செய்தால் மந்திரிப் பதவி!

தஞ்சைக்குச் சட்டம், நமக்கு என்ன?

பதவி ஏற்றவுடனேயே, கம்யூனிஸ்டுகள்தான் என் முதல் எதிரிகள் என்று ஆச்சாரியார் பகிரங்கமாக அறிவித்தார். ஒளிவுமறைவு இல்லாதவர், அதற்காக நாம் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எதிரி யார் என்று சொன்னவர், கட்சிக்காரர் யார் என்பதையும் அதிலேயே சொல்லிவிட்டார்.

அதே ஆகஸ்டில் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. குத்தகைக்காரனையும் பண்ணையாளையும் நினைத்தபடி வெளியேற்றக் கூடாது; வாரத்தில் உழுதவனுக்கு ஐந்தில் இரண்டு பங்கு; பண்ணையாளுக்குக் கூலி நிர்ணயம். ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்குக் குறைவாக நிலம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு. ஓட்டைகள் இருந்தாலும், பண்ணையாளை மனிதனாக மதித்த சட்டம் அது.

கம்யூனிஸ்டுகளை எதிரி என்றவர் இந்தச் சட்டத்தை ஏன் கொண்டுவந்தார்? கீழத் தஞ்சையில் பி. சீனிவாசராவும் தோழர்களும் சாணிப்பாலையும் சாட்டையடியையும் எதிர்த்துப் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டியிருந்தார்கள். அந்தத் தேர்தலில் அங்கே கிடைத்த அடியைச் சர்க்கார் பார்த்துவிட்டது. மிராசுதாருக்கு முழு நஷ்டம் வராமல் காப்பாற்ற வேண்டுமானால் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது கெட்டிக்கார வக்கீலுக்குத் தெரியும். வழக்குத் தோற்கும் போலிருந்தால் ராஜிக்குப் போவதுதானே வக்கீலின் புத்தி!

அந்தச் சட்டம் எந்த ஜில்லாவுக்கு? தஞ்சாவூர் ஜில்லாவுக்கு மட்டும். கொள்ளிடத்துக்கு இந்தக் கரையில் தென்னாற்காட்டில் குத்தகைக்காரன் இல்லையா? படியாள் இல்லையா? இருந்தான். அவனுக்குச் சங்கம் இல்லை. அவனுடைய ஓட்டை வாங்கியவர்கள் ஆச்சாரியாரின் மந்திரிசபையைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்த்து நின்ற தஞ்சைக்குச் சட்டம் கிடைத்தது. ஓட்டைக் கொடுத்துத் தாங்கிய தென்னாற்காடு மூன்று வருஷம் காத்திருந்தது. 1955-ல்தான், அதுவும் அவர் போன பிறகு, குத்தகைக்காரர் பாதுகாப்புச் சட்டம் ராஜ்யம் முழுவதற்கும் வந்தது.

ஆலைத் தொழிலாளர்களுக்கு இது புதிதல்ல. பக்கத்துப் புதுச்சேரியில் 1936 ஜூலை 30-ந் தேதி பிரெஞ்சுக்காரன் துப்பாக்கிக்கு 12 பஞ்சாலைத் தொழிலாளர்கள் பலியானார்கள். அந்தப் போராட்டத்தின் பின்னால்தான் எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமாயிற்று. எந்த வக்கீலும் அதை வாதாடி வாங்கிக் கொடுக்கவில்லை.

அரை நாள் பள்ளிக்கூடம்

1953 ஜூனில் ஆச்சாரியாரின் புதிய ஆரம்பக் கல்வித் திட்டம் வந்தது. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி. மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். இது கிராமங்களுக்கு மட்டும். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு முழு நாள் பள்ளிதான். இதைத்தான் நாடு 'குலக் கல்வி' என்று சொன்னது.

பணம் குறைவு, பள்ளிக்கூடம் குறைவு, இருப்பதை இரண்டு வேளையாகப் பிரித்தால் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவருடைய வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தச்சன் மகன் இழைப்புளி பிடிப்பான், நெசவாளி மகன் நாடா எறிவான்; ஓமந்தூர்ப் படியாளின் மகன் என்ன தொழில் கற்பான்? ஆண்டை வீட்டு மாடு மேய்க்கவும் எரு சுமக்கவும் கற்பான்! அதற்கு வாத்தியார் யார்? ஆண்டை! சம்பளம் என்ன? கூழ்! தொரப்பள்ளிக் கிராமத்துப் பிள்ளை ஒன்று ஓசூர், பெங்களூர், சென்னை என்று முழு நாளும் படித்துத்தானே வக்கீலாயிற்று? தகப்பன் தொழிலோடு நின்றிருந்தால் கவர்னர் ஜெனரல் மாளிகையை யார் பார்த்திருப்பார்?

நாடு பொங்கி எழுந்தது. கம்யூனிஸ்டுகள், திராவிடர் கழகம், தி.மு.க., காங்கிரசுக்குள்ளேயே பலர் என எல்லோரும் எதிர்த்தார்கள். 1954-ல் அவர் விலகினார். காமராஜ் மந்திரிசபை 1954 மே மாதம் அந்தத் திட்டத்தைத் தூக்கி எறிந்தது. அந்த நினைவு இந்த மண்ணில் எவ்வளவு ஆழமாக இருக்கிறதென்றால், 2023-ல் டில்லி சர்க்கார் குடும்பத் தொழிலை வைத்து விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தபோதும் தமிழ்நாட்டில் எழுந்த சொல் குலக் கல்விதான்.

கடைசி வழக்கு

1959 ஜனவரியில் நாகபுரிக் காங்கிரஸ், நில உச்சவரம்பு வேண்டும், கூட்டுறவுப் பண்ணை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம்தான் போட்டது, நிலத்தைத் தொடவில்லை. அதற்கே 80 வயது ஆச்சாரியார் கொதித்தெழுந்து சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். யார் வந்து சேர்ந்தார்கள்? பழைய மகாராஜாக்கள், மகாராணிகள், ஜமீன்தார்கள், பெரிய முதலாளிகள். 1962-ல் பாராளுமன்றத்தில் 18 இடம், 1967-ல் 44 இடம். கவர்னர் ஜெனரல் பதவிக்கு மேல் ஒரு பதவி இல்லை. அதையும் பார்த்துவிட்ட மனிதர் தள்ளாத வயதில் மறுபடி அங்கியை மாட்டிக்கொண்டு யாருக்காக நின்றார்? நிலமும் ஆலையும் வைத்திருப்பவர்களுக்காக. 1900-ல் தொடங்கிய தொழிலின் கடைசி வழக்கு அது.

சர்க்கார் லைசென்சு, பெர்மிட் கொடுப்பதில் ஊழல் நடக்கிறது என்று அவர் சொன்னது பொய்யல்லவே என்பார்கள். பொய்யல்ல. ஊழலை நாமும்தான் சொன்னோம். ஆனால் அதற்கு அவர் சொன்ன மருந்து என்ன? முதலாளியின் கையைக் கட்டாதே என்பது. ஆலைக்காரனுடைய கையை அவிழ்த்துவிட்டால் அந்தக் கை முதலில் யார் கழுத்துக்குப் போகும் என்று பஞ்சாலைத் தொழிலாளிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019-லும் 2020-லும் டில்லிப் பாராளுமன்றம் 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக்கியபோது சொன்ன காரணமும் இதே ராகம்தான்: தொழில் நடத்துவதைச் சுலபமாக்க வேண்டுமாம்!

1967-ல் காங்கிரசை வீழ்த்திய தி.மு.க. கூட்டணியில் ஆச்சாரியார் கட்சியும் இருந்தது, மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்ததே என்று சிலர் குத்திக்காட்டுவார்கள். இருந்தது உண்மை. சந்தையில் ஒரே வண்டியில் ஏறியவர்கள் எல்லாம் ஒரே ஊருக்குப் போகிறவர்கள் அல்ல. அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி 1962-ல் அமெரிக்கா வரை போய் ஜனாதிபதி கென்னடியிடம் பேசினார். அதை நாம் பாராட்டுகிறோம். நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. 1972 டிசம்பர் 25-ந் தேதி அவர் காலமானார்.

"நேர்மையானவர் ஆயிற்றே!"

கடைசியாக ஒரு வாதம் மிஞ்சுகிறது. "என்ன இருந்தாலும் நேர்மையானவர், எளிமையானவர்; இந்தக் காலத்து அரசியல்வாதிகளைப் பார்க்கும்போது அவர் எவ்வளவோ மேல்" என்கிறார்கள்.

நேர்மையான வக்கீல் என்றால் என்ன அர்த்தம்? தன் கட்சிக்காரரை ஏமாற்ற மாட்டார் என்று அர்த்தம். ஆச்சாரியார் ஏமாற்றவில்லை. மிராசுதாரை ஏமாற்றவில்லை, ஜமீன்தாரை ஏமாற்றவில்லை, ஆலை முதலாளியை ஏமாற்றவில்லை. அறிவும் உழைப்பும் உள்ளவரை, காசு கேட்காமல், அவர்களுக்காக வாதாடினார். நாம் அவருடைய கட்சிக்காரர் அல்ல என்பதுதான் விஷயம். எதிர்த் தரப்பு வக்கீல் நாணயமானவர் என்பதற்காக எவனாவது தன் பத்திரத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவானா?

ஓமந்தூர், திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துத் தோழர்களே! அடுத்த முறை ஒருவர் கும்பிட்டுக்கொண்டு உங்கள் தெருவுக்கு வருவார். வக்கீலாக இருக்கலாம், குடியானவராக இருக்கலாம், உங்கள் ஜாதிக்காரராகவே இருக்கலாம். எவ்வளவு படித்தீர்கள் என்று கேட்காதீர்கள். கூலி உயர்வு கேட்டபோது எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று கேளுங்கள். ஆலை மூடியபோது வாசலில் நின்றீர்களா, முதலாளி வீட்டுத் திண்ணையில் இருந்தீர்களா என்று கேளுங்கள். விசாரணை இல்லாமல் ஜெயிலில் வைக்கும் சட்டத்துக்குக் கை தூக்குவீர்களா, மாட்டீர்களா என்று கேளுங்கள். ஜெயித்த பிறகு எங்கள் கையெழுத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள்.

பதில் சொல்லட்டும். அதற்குப் பிறகு வக்காலத்தில் கையெழுத்துப் போடலாம்.